தாய்வழியும் உடைமையும்: அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளரின் தலைமுறை நாவல்கள் பற்றிய ஒரு நோக்கு

1

ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பினப் பெண் எழுத்தாளர் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுதிய நாவல்களைத் தொகுத்து நோக்குமிடத்து, அவற்றுட் பல ஒரே அமைப்பினைத் திரும்பத் திரும்பக் கையாள்வதைக் காணலாம். பாட்டி, தாய், மகள் எனத் தொடரும் பெண்வழியே அவற்றின் முதுகெலும்பாக அமைகின்றது. மார்கிரட் வோக்கரின் ‘யூபிலி’ (1966), கெயில் ஜோன்சின் ‘கொறெஜிடோறா’ (1975), ரொனி மொறிசனின் ‘பிலவெட்’ (1987) ஆகிய மூன்றும் நடையாலும் உத்தியாலும் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் நிற்பவை. முதலாவது நேரிய யதார்த்த நாவல். இரண்டாவது ஒரு பாடகியின் தன்மைக் கூற்று. மூன்றாவது இறந்த குழந்தை திரும்பி வரும் கதை. எனினும் மூன்றும் ஒரே வினாவையே எழுப்புகின்றன: ஒரு தாய் தன் மகளுக்கு எதனைக் கையளிக்க முடியும்?

இப்பொதுமைக்கு விமர்சகர்கள் வழக்கமாகத் தரும் விளக்கங்கள் இரண்டு. தாய்மை என்னும் என்றுமுள்ள உணர்வின் வெளிப்பாடே இது என்பது ஒன்று. வேர்களைத் தேடும் இனவுணர்வின் விளைவு இது என்பது மற்றையது. இரண்டும் போதிய விளக்கங்கள் அல்ல. தாய்மை எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவானது. ஆயின் எல்லாச் சமூகங்களும் இத்தகைய நாவலைத் தோற்றுவிக்கவில்லை. வேர்களைத் தேடும் உணர்வு ஆண் எழுத்தாளரிடத்தும் உண்டு; ஆயின் அவர்களது தேடல் பெரும்பாலும் தந்தைவழியே செல்கின்றது. இந்நாவல்களிற் காணப்படும் தாய்வழி, ஒரு குறிப்பிட்ட சட்டத்தினதும் ஒரு குறிப்பிட்ட உற்பத்தி முறையினதும் விளைவு என்பதே இக்கட்டுரையின் வாதம். அவ்வடிப்படையைக் காணாத விமர்சனம் இந்நாவல்களின் வலிமையை மட்டுமன்றி அவற்றின் வரையறைகளையும் காணத் தவறிவிடும்.

ஐரோப்பிய நாவலோடு ஒப்புநோக்குவது இங்கு பயன்தரும். தோமஸ் மானின் ‘புடன்புறூக்ஸ்’ (1901) ஒரு வணிகக் குடும்பத்தின் நான்கு தலைமுறைகளைச் சித்திரிப்பது. அதிலே தலைமுறைகளை இணைப்பது எது? தானிய வணிக நிறுவனம், அதன் மூலதனம், நகரத்து வீடு, குடும்பப் பெயர் ஆகியனவே. தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் சொத்தே கதையின் இழை. சொத்து அழிய, குடும்பமும் அழிகின்றது. முதலாளித்துவத் தலைமுறை நாவலின் பொது இலக்கணம் இதுவெனலாம். அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணின் நிலையோ இதற்கு நேர்மாறானது. அவளது முன்னோர் சொத்துக்கு வாரிசுகளாக இருந்தவர்கள் அல்லர். பிறரது மரண சாசனங்களிற் சொத்தாகப் பட்டியலிடப்பட்டவர்கள். உடைமையைப் பெறுவோரின் வரலாற்றை எழுதத் தோன்றிய இலக்கிய உருவத்தை, உடைமையாகவே இருந்தோரின் வரலாற்றை எழுதுவதற்குப் பயன்படுத்துவது எவ்வாறு? இப்பெண் எழுத்தாளர் எதிர்கொண்ட உருவப் பிரச்சினை இதுவேயாகும்.

2

1656 ஆம் ஆண்டில், ஆங்கிலேயத் தந்தைக்கும் ஆபிரிக்கத் தாய்க்கும் பிறந்த எலிசபெத் கீ என்பவள் வேர்ஜீனியாவில் வழக்காடித் தன் விடுதலையைப் பெற்றாள். பிள்ளையின் நிலை தந்தையின் நிலையைத் தொடரும் என்பதே ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் மரபு. அவளது வாதங்களுள் அம்மரபும் ஒன்று. ஆறு ஆண்டுகளின் பின்னர், 1662 இல், வேர்ஜீனியாச் சட்டமன்றம் அம்மரபைத் தலைகீழாக்கியது. பிள்ளை அடிமையா சுயாதீனனா என்பதைத் தாயின் நிலையே தீர்மானிக்கும் எனச் சட்டம் இயற்றப்பட்டது.

இச்சட்டத்தின் பொருளாதார உட்பொருள் வெளிப்படையானது. அடிமைப் பெண்ணின் உழைப்பு மட்டுமன்றி அவளது பிள்ளைப்பேறும் எசமானின் உடைமையாயிற்று. எசமான் தன் அடிமைப் பெண்ணிடத்துப் பெற்ற பிள்ளை அவனுக்கு வாரிசாகாது, பண்டமாகும். பலாத்காரம் சட்டத்தின் கண்ணிற் குற்றமாகாதது மட்டுமன்று, கணக்கேட்டில் வரவாகவும் பதியத்தக்கதாயிற்று. 1808 இல் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது தடைசெய்யப்பட்டபின் இதன் முக்கியத்துவம் பன்மடங்கானது. பருத்திப் பெருந்தோட்டங்கள் மேற்கு நோக்கி விரிந்தன. அவற்றுக்கு வேண்டிய உழைப்பாளர் இனி நாட்டினுள்ளேயே பிறக்க வேண்டியிருந்தது. 1790 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 7 இலட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1860 இல் ஏறத்தாழ 39 இலட்சத்து 50 ஆயிரமாக உயர்ந்தது. இவ்வுயர்வின் மிகப் பெரும் பகுதி பெண்களின் பேற்றினால் வந்தது.

எனவே அடிமைமுறையின்கீழ்த் தாய் என்பவள் இருமுறை உழைத்தவள். வயலிலும் எசமானின் சமையலறையிலும் அவள் செய்தது ஓர் உழைப்பு. உழைப்புச் சக்தியையே ஈன்று கொடுத்தது மற்றோர் உழைப்பு. தாய்மகள் உறவு உற்பத்தி உறவுகளுக்கு வெளியே நின்ற ஓர் இதமான தனியுலகமன்று. அவ்வுறவுகளின் மையத்தில் இருந்தது. தாய்வழியே அடிமைத்தளை சென்ற வழியுமாகும். இவ்வுண்மையைக் கலையாக்குவதே மேற்குறித்த நாவல்களின் சாதனை.

3

இங்கு மார்க்சிய விமர்சனம் தீர்க்கவேண்டிய ஒரு பழைய கடனையும் குறிப்பிடல் வேண்டும். சோரா நீல் ஹேர்ஸ்ரனின் ‘தெயர் ஐஸ் வேர் வோச்சிங் கோட்’ 1937 இல் வெளிவந்தபோது, அன்று கம்யூனிஸ்ட் கட்சியிற் செயலாற்றிய றிச்சட் றைற் ‘நியூ மாசஸ்’ இதழில் அதனைக் கடுமையாகச் சாடினார். நாவலுக்குப் பொருளும் இல்லை, செய்தியும் இல்லை, சிந்தனையும் இல்லை என்பதே அவரது தீர்ப்பின் சாரம். வெள்ளை வாசகரின் வேடிக்கையுணர்வுக்குத் தீனியாகிவிடும் என்னும் அவரது அச்சம் காரணமற்றதன்று. கறுப்பினத்தவரை மேடையிற் கோமாளிகளாக்கிய மரபு அன்று உயிரோடிருந்தது. ஆயினும் அந்நாவலின் பொருள் அவர் கண்ணுக்குத் தென்படாமற் போயிற்று.

அந்நாவலில் வரும் பாட்டி நானி அடிமையாகப் பிறந்தவள். எசமானின் பலாத்காரத்தாற் பெற்ற பெண்பிள்ளையுடன் தப்பியவள். அம்மகளும் தன் பள்ளி ஆசிரியனாற் சீரழிக்கப்படுகின்றாள். அவ்வாறு பிறந்த பேத்தியான ஜேனியை, 60 ஏக்கர் நிலமுடைய லோகன் கில்லிக்ஸ் என்பவனுக்கு மணமுடித்து வைக்கப் பாட்டி அவசரப்படுகின்றாள். இது கிழவியின் பேராசையன்று. பெண்ணுடல் இருமுறை சூறையாடப்பட்ட குடும்பத்தில், நிலவுடைமை ஒன்றே காப்பரண் என்னும் வரலாற்றனுபவத்தின் முடிவு அது. அந்நிலமே பேத்திக்கு மற்றொரு நுகமாகின்றது. நிலம், திருமணம், உழைப்பு ஆகியவற்றின் உறவை இதனினும் தெளிவாக வைத்த பகுதிகள் அக்காலத்து அமெரிக்க நாவலிற் சிலவே. றைற் இதனைக் காணாமைக்குத் தனிமனித விருப்பு வெறுப்பு மட்டும் காரணமன்று. வர்க்கப் போராட்டம் தொழிற்சாலையிலும் வீதியிலும் மட்டுமே நிகழ்கின்றது என்னும் குறுகிய நோக்கு, அடுக்களையையும் பிரசவ அறையையும் வரலாற்றுக்கு வெளியே வைத்துவிட்டது. ஹேர்ஸ்ரன் 1960 இல் வறுமையில் இறந்தார். அவரது பெயர்க்கல்லற்ற புதைகுழியை 1973 இல் தேடிச் சென்று கல் நாட்டியவர் அவரை அடியொற்றிய மற்றொரு பெண் எழுத்தாளரான அலிஸ் வோக்கர் என்பது கருதத்தக்கது.

அக்கடனைத் தீர்க்கத் தொடங்கியவரும் ஒரு மார்க்சியவாதியே. 1965 இல் அமெரிக்கத் தொழில் திணைக்களத்திலிருந்து வெளிவந்த மொய்னிஹன் அறிக்கை, கறுப்பினத்தவரின் வறுமைக்கு அவர்களது குடும்பத்தில் நிலவும் தாயாதிக்கத்தை ஒரு முக்கிய காரணமாகக் காட்டியது. சுரண்டலின் விளைவைச் சுரண்டலின் காரணமாகக் காட்டும் கருத்துநிலைத் தந்திரத்துக்கு இதனினும் சிறந்த உதாரணம் தேடவேண்டியதில்லை. அஞ்சலா டேவிஸ் சிறையிலிருந்து எழுதி 1971 இல் வெளிவந்த கட்டுரை இதற்கு விடையாயிற்று. அடிமைக் குடியிருப்பில் தன்னவர்க்காகப் பெண் செய்த வீட்டுழைப்பே, எசமான் நேரடியாக உரிமை கோர முடியாத ஒரேயோர் உழைப்பு. ஆதலின் எதிர்ப்பின் உயிர்நிலை அங்கே இருந்தது என அவர் வாதிட்டார். பின்வரும் நாவல்களை விளங்கிக்கொள்ள இவ்வாதம் ஒரு திறவுகோலாகும்.

4

‘யூபிலி’யின் தோற்றமே தலைமுறைகளின் உழைப்பு. தன் பாட்டி எல்வைறா டோசியர், அவளது தாயைப் பற்றிச் சொன்ன கதைகளை ஆதாரமாகக் கொண்டு, மாணவப் பருவத்தில் 1934 இல் மார்கிரட் வோக்கர் இதனை எழுதத் தொடங்கினார். ஆசிரியத் தொழில், நான்கு பிள்ளைகளின் வளர்ப்பு என்பவற்றுக்கிடையே முப்பது ஆண்டுகள் தகவல் திரட்டி, அயோவாப் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்டத்துக்குரிய ஆக்கமாக இதனை நிறைவுசெய்தார்.

நாவல் ஒரு மரணத்தோடு தொடங்குகின்றது. எசமான் டட்டனுக்குப் பிள்ளைகள் பெற்ற ஹெற்றா என்னும் அடிமைப் பெண், 29 வயதிற் பதினைந்தாவது பேற்றின்பின் இறக்கின்றாள். அவளது மகள் வைரிக்கு அப்போது இரண்டு வயது. 1662 ஆம் ஆண்டுச் சட்டம் என்ன செய்தது என்பதை இவ்விரு எண்களே காட்டிவிடுகின்றன. ஆசிரியர் தனியாக விளக்கம் எதுவும் கூறவில்லை. தாயை இழந்த வைரியை மாமி சுக்கி வளர்க்கின்றாள். அவளும் இறந்தபின் சமையற்காரியான சாலி அத்தை வளர்க்கின்றாள். சாலி அத்தையும் ஒருநாள் விற்கப்படுகின்றாள். தாய்வழி இங்கு இரத்தத்தால் தொடர்வதன்று. விற்பனையும் மரணமும் அதனை மீண்டும் மீண்டும் அறுக்கின்றன. வேறொரு பெண்ணின் உழைப்பு அதனை மீண்டும் முடிகின்றது. கையளிக்கப்படுவன பொருள்கள் அல்ல, திறன்கள்: சமையல், மூலிகையறிவு, மருத்துவிச்சித் தொழில், பாடல். போரின்பின் அலபாமாவில் வைரியின் குடும்பம் ஒரு வீட்டை எரிவைப்போரிடம் இழந்து அலைகின்றது. ஈற்றில் அவர்களுக்கு அயலவரிடத்து இடம் கிடைப்பது அவள் ஒரு வெள்ளைப் பெண்ணுக்குப் பிரசவம் பார்த்தமையினாலாகும். அடிமைத்தனத்தில் எசமானுக்காகப் பயன்பட்ட திறன், விடுதலையில் அவளது சொந்த வாழ்வாதாரமாகின்றது.

வரலாற்று நாவலின் நாயகன் பெருந்தலைவனாகவன்றிச் சமூக சக்திகள் சந்திக்கும் நடுத்தரப் பாத்திரமாக இருக்கவேண்டும் என்னும் லூக்காச்சின் கோட்பாட்டுக்கு வைரி பொருத்தமான உதாரணம். உள்நாட்டுப் போரும் அதன் பின்னரான புனரமைப்புக் காலமும் அவளது அடுக்களையினூடாகவும் பாதையோரக் குடிசையினூடாகவும் நமக்குப் புலப்படுகின்றன.

ஆயின் நாவலின் முடிவு விவாதத்துக்குரியது. வைரியின் முதற் கணவன் றண்டல் வெயர், சுயாதீனனாகப் பிறந்த கொல்லன். நிலமும் கல்வியும் அரசியலும் உடையவன். வெள்ளையரோடு சமரசம் இயலாது என்பது அவனது நிலைப்பாடு. வைரியோ கசையடியால் வடுவேறிய தன் முதுகைக் காட்டியும், தான் எவரையும் வெறுக்கவில்லை என்கின்றாள். இவ்விவாதம் ஆழமானது, எனினும் வைரியின் கிறித்தவ மன்னிப்பே இறுதிச் சொல்லாகின்றது. வெயரின் அரசியல் கசப்பு என்ற அளவிற் சுருங்கிவிடுகின்றது. புனரமைப்பை முறியடித்தது உள்ளங்களிலிருந்த வெறுப்பு மட்டுமன்று. நிலம் பங்கிடப்படாமையும் ஆயுதம் தாங்கிய பயங்கரமும் அதற்கு அடிப்படை. நாவல் இவற்றைக் காட்டுகின்றது; முடிவில் அவற்றின் தர்க்கத்தைப் பின்தொடர மறுக்கின்றது. அதேவேளை தாயிடமிருந்து மகன் ஜிம் தந்தையுடன் பாடசாலைக்குச் செல்லும் இறுதிப் பயணத்தில், அவளது உழைப்பும் அவனது அரசியலும் ஒருங்கிணைய வேண்டிய தேவையை நாவல் உணர்த்தாமலும் விடவில்லை.

5

வோக்கர் நம்பிக்கையோடு கையாண்ட தலைமுறை நினைவை ஐயத்தோடு நோக்கியது ‘கொறெஜிடோறா’. மொறிசன் பதிப்பாசிரியராக இருந்த காலத்தில் அவரது முயற்சியால் வெளிவந்த சிறு நாவல் இது.

கொறெஜிடோறா என்பவன் பிறேசிலில் இருந்த போர்த்துக்கேய அடிமையுடைமையாளன். தன் அடிமைப் பெண்ணையும் அவளிடத்துத் தனக்குப் பிறந்த மகளையும் அவன் பெண்டாண்டான். இருவரையும் பரத்தமையிலும் ஈடுபடுத்தினான். பிறேசிலில் அடிமைமுறை 1888 இல் ஒழிக்கப்பட்டது. 1890 இல் அரசாங்கம் அடிமைமுறை சார்ந்த பதிவேடுகளை எரிக்கக் கட்டளையிட்டது. ஏடுகள் எரிந்தமையால் குற்றத்துக்குச் சான்றில்லை. ஆகவே அப்பெண்கள் தம் மகளிர்க்கு ஒரு கட்டளையை விட்டுச் செல்கின்றனர்: பிள்ளைகளைப் பெறுங்கள், ஒவ்வொரு பிள்ளையும் சாட்சியாகும். கென்ரக்கியிற் புளூஸ் பாடகியாக வாழும் ஊர்சா அவ்வழியின் நான்காம் தலைமுறை. 1948 இல் கணவன் மட் உடனான சச்சரவிற் படிக்கட்டிலிருந்து வீழ்ந்து அவள் தன் கருப்பையை இழக்கின்றாள். கட்டளையை நிறைவேற்ற அவளால் இனி இயலாது.

இந்நாவலின் இயங்கியற் கூர்மை இங்கேயே உள்ளது. முன்னோரின் கட்டளை எதிர்ப்பின் கட்டளை. ஆளும் வர்க்கம் எழுத்தை அழித்தபோது, அடக்கப்பட்டோர் தம் உடலையே ஆவணக் காப்பகமாக்கினர். ஆயின் அக்கட்டளையின் வடிவத்தை நோக்குக: பெண் பிள்ளைகளைப் பெற்றுத் தரவேண்டும் என்பதே எசமானின் கட்டளையுமாயிற்றே. எசமானுக்குப் பண்டமாகப் பெற்றவள் இப்போது வரலாற்றுக்குச் சாட்சியமாகப் பெறவேண்டும். நோக்கம் தலைகீழானது, பெண்ணுடலை ஒரு கருவியாகக் கொள்ளும் உறவு மாறவில்லை. எசமானின் பெயரையும் அவர்கள் காவித் திரிகின்றனர். நினைவு விடுதலையின் முன்நிபந்தனை. அதுவே தளையாகவும் மாறலாம். அடக்கப்பட்டோரின் நினைவைப் போற்றிப் பாடுவதோடு நின்றுவிடும் விமர்சனத்துக்கு இது வேண்டிய எச்சரிக்கையாகும்.

ஊர்சா இதிலிருந்து மீளும் வழியும் கவனிக்கத்தக்கது. தன் தாயிடம் சென்று, முன்னோரின் கதையையன்றித் தாயின் சொந்தக் கதையைக் கேட்கின்றாள். கொறெஜிடோறாவின் நிழலில், தன் தந்தையாகிய மார்ட்டினோடு தாய் வாழ்ந்த சிறிது கால மணவாழ்வு அதுவரை சொல்லப்படாமலே இருந்தது. பெருங்கொடுமையின் நினைவு அதன்பின் வந்த வாழ்வைப் பேச்சற்றதாக்கியிருந்தது. கருப்பையால் இயலாத சாட்சியத்தை ஊர்சா குரலால் தரத் தொடங்குகின்றாள். புளூஸ் என்பது தோட்டத்து உழைப்பிலும் அலைந்த வாழ்விலும் பிறந்த மக்கட்கலை. இயற்கையாகக் கருதப்பட்ட மறுவுற்பத்தியிலிருந்து பிரக்ஞைபூர்வமான கலையுற்பத்திக்கு நிகழும் மாற்றமாக இதனைக் கொள்ளலாம். நாவலின் இறுதியில், இருபதாண்டுகள் கழித்து மட் உடன் அவள் மீண்டும் சேர்வது முழுமையான தீர்வன்று. அன்பும் வன்முறையும் பிரிக்கவியலாது பிணைந்துள்ள நிலையை ஆசிரியர் மழுப்பவில்லை.

6

‘பிலவெட்’ நாவலுக்கு மூலம் 1856 ஜனவரியில் நிகழ்ந்த ஒரு சம்பவம். மார்கிரட் கார்னர் என்னும் அடிமைப் பெண் கென்ரக்கியிலிருந்து உறைந்த ஒகையோ ஆற்றைக் கடந்து குடும்பத்தோடு சின்சினாற்றிக்குத் தப்பினாள். பிடிபடும் வேளையில் தன் பெண்குழந்தையைக் கொன்றாள். அதன்பின் எழுந்த சட்டப் பிரச்சினை குறிப்பிடத்தக்கது. கொலைக் குற்றத்துக்காக விசாரிப்பதாயின் அவளை ஒரு மனிதப்பிறவியாக ஏற்கவேண்டும். 1850 ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தின்படியோ அவள் திருப்பிக் கொடுக்கப்படவேண்டிய உடைமை. அவள் உடைமையாகவே திருப்பியனுப்பப்பட்டாள்.

மொறிசன் இச்சம்பவத்தை அப்படியே எழுதவில்லை. செதே என்னும் பாத்திரம் தண்டனையின்பின் சின்சினாற்றியிலேயே வாழ்கின்றாள்; கதை 1873 இல் நிகழ்கின்றது. சட்டம் ஒழித்த அடிமைமுறை உள்ளத்தில் எவ்வாறு தொடர்கின்றது என்பதே பொருள். இங்கு தாய்ப்பால் பெறும் இடம் விசேடமானது. செதேயின் தாய் வயலுக்கு அனுப்பப்பட்டமையால், பாலூட்டுவதையே வேலையாகக் கொண்ட நான் என்ற வேறொரு பெண்ணிடம் செதே பால் குடித்தாள். வெள்ளைக் குழந்தைகள் குடித்த மிச்சமே அவளுக்குரியது. பின்னர் ‘பள்ளி ஆசிரியன்’ எனப்படும் மேற்பார்வையாளனின் மருமக்கள் அவளது பாலைப் பலவந்தமாகக் கறந்தெடுக்கின்றனர். அவன் குறிப்பேட்டுடன் பார்த்திருக்கின்றான். கசையடியிலும் பார்க்க இதனையே அவள் மறக்க முடியாது தவிக்கின்றாள். அந்நியமாதல் என மார்க்ஸ் கூறிய நிலையின் உச்சத்தை இங்கு காணலாம். உழைப்பின் விளைபொருள் மட்டுமன்றி உயிரின் முதல் உணவும் உழைப்பாளியிடமிருந்து பறிக்கப்படுகின்றது. அவள் குழந்தையைக் கொல்லும் செயல், இவ்வுடைமைத் தர்க்கத்தை மறுக்கும் முயற்சியாகவும் அத்தர்க்கத்துக்கே இரையான செயலாகவும் ஒருங்கே நிற்கின்றது. பிள்ளை எசமானுடையதன்று, என்னுடையது என்பதே அச்செயலின் உட்கூற்று. பிள்ளை எவருக்கும் உடைமையன்று என்னும் மூன்றாவது நிலை அன்றைய சமூகத்தில் அவளுக்குத் திறந்திருக்கவில்லை. நாவல் அவளை நியாயப்படுத்தவுமில்லை, கண்டிக்கவுமில்லை.

இறந்தவளாகக் கருதத்தக்க பிலவெட் வீட்டிற் குடியேறித் தாயை உறிஞ்சத் தொடங்குகின்றாள். செதே தன் வேலையை இழக்கின்றாள், வீட்டில் உணவில்லை. இத்தறுவாயில் மற்றைய மகள் டென்வர் வாயிலைத் தாண்டி வெளியேறி வேலை கேட்கின்றாள். அயற்பெண்கள் உணவு கொடுத்துதவுகின்றனர். ஈற்றில் முப்பது பெண்கள் திரண்டு வந்து பாடி, பிரார்த்தித்து அவ்வாவியை விரட்டுகின்றனர். மாயத்தன்மை வாய்ந்த இந்நாவலை வெறும் ஆவிக்கதையெனத் தள்ளிவிடும் யதார்த்தவாதிகள் இதனைக் கவனிக்கவேண்டும். ஆவியை விரட்டுவது மந்திரமன்று. பசியும், உழைப்புத் தேடலும், ஒருகாலத்தில் அக்குடும்பத்தை ஒதுக்கிய சமூகம் தன் பொறுப்பை ஏற்றலுமே. தனியொரு தாயால் சுமக்க முடியாத வரலாற்றைக் கூட்டு வாழ்வு ஏற்கின்றது. உருவம் யதார்த்தத்திலிருந்து விலகினும் உள்ளடக்கம் சமூக உண்மையிலிருந்து விலகவில்லை.

7

அடிமைமுறை ஒழிந்தபின் தாய்மகள் வழி எத்தகைய உற்பத்தி உறவினுள் வந்தது என்பதை அலிஸ் வோக்கரின் நாவல்கள் ஆராய்கின்றன. ‘த தேர்ட் லைஃப் ஒவ் கிறேஞ்ச் கோப்லன்ட்’ (1970) ஜோர்ஜியாவின் வாரக்குடி விவசாயிகளின் மூன்று தலைமுறைக் கதை. விளைச்சலில் நிலவுடைமையாளனின் பங்கும் கடைக்கடனும் போக எஞ்சுவது புதிய கடன். தோட்டத்தில் எதிர்க்கவியலாத ஆண், வீட்டிற் பெண்ணை அடிக்கின்றான். கல்வி கற்ற மெம் பட்டணத்தில் வேலையும் வீடும் தேடிக் குடும்பத்தை மீட்கின்றாள். கணவன் பிறவுன்ஃபீல்ட் அவளை மீண்டும் சேற்றுக்குள் இழுத்து, ஈற்றிற் சுட்டுக் கொல்கின்றான். சுரண்டல் இவ்வன்முறையின் காரணம் என்று காட்டும் ஆசிரியர், அதனை மன்னிப்பாக்க மறுக்கின்றார். இன ஒற்றுமையின் பெயராற் பெண்மீதான வன்முறையை மூடிமறைக்க வேண்டாம் என்னும் இந்நேர்மை அன்று கசப்பான எதிர்ப்பைச் சந்தித்தது. ஆயினும் அது அவசியமானது.

புலிட்சர் பரிசு பெற்ற ‘த கலர் பேர்ப்பிள்’ (1982) இத்துணிவோடு தொடங்கி வேறோரிடத்தில் முடிகின்றது. சிற்றப்பனால் கெடுக்கப்பட்டு, ஒரு பசுவோடு சேர்த்துக் கணவனிடம் தள்ளப்படும் சீலி, ஷக் என்னும் பாடகியின் அன்பினால் தன்மதிப்பைப் பெறுகின்றாள். நகரபிதாவின் மனைவிக்கு வேலைக்காரியாக மறுத்தமைக்காகச் சிறை சென்று, ஈற்றில் அதே வேலைக்காரியாகவே ஆக்கப்படும் சோஃபியாவின் கதை நாவலின் மிகக் கூரிய பகுதி. ஆயின் சீலியின் விடுதலையோ காற்சட்டை தைக்கும் சிறுதொழிலிலும், தந்தைவழி வந்த வீட்டையும் கடையையும் பெறுவதிலும் நிறைவெய்துகின்றது. அக்கடை செழித்தமைக்காகவே அவளது தந்தை வெள்ளையராற் கொல்லப்பட்டான் என்பதை நாவலே கூறுகின்றது. கொலைக்குக் காரணமான உறவுகள் மாறாதிருக்க, கடை மட்டும் மகளிடம் அமைதியாக வந்துசேர்வது எங்ஙனம்? சோஃபியாவின் கதை எழுப்பிய வினாவுக்குச் சீலியின் கதை சிறுவுடைமையாளரின் கனவை விடையாகத் தருகின்றது.

இவ்விடத்தில் முன்னதாக வெளிவந்த ஒரு நாவல் கூடுதலான தெளிவைக் காட்டுகின்றது. போல் மார்ஷலின் ‘பிறவுண் கேர்ள், பிறவுண்ஸ்ரோன்ஸ்’ (1959) பார்படோசிலிருந்து நியூயோர்க்கின் புறூக்ளினிற் குடியேறியோர் பற்றியது. போர்க்காலத் தொழிற்சாலையில் உழைக்கும் சில்லா ஒரு வீட்டை வாங்கியே தீருவேன் என்கின்றாள். அதற்காகக் கணவனுக்குத் தாய்நாட்டிலிருந்த நிலத்தை அவனறியாது விற்கின்றாள். ஈற்றில் அவனை நாடுகடத்தவும் வழிசெய்கின்றாள். அவளது உறுதி வியக்கத்தக்கது. அதன் விலை பயங்கரமானது. மகள் செலினா அவ்வுடைமை ஆசையை ஏற்கமறுத்து வெளியேறுகின்றாள். பிறந்ததுமுதல் அணிந்திருந்த இரு வெள்ளி வளையல்களுள் ஒன்றை எறிந்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்கின்றாள். தாயிடமிருந்து எதனை ஏற்பது, எதனை மறுப்பது என்னும் தெரிவு இதிலே பிரக்ஞைபூர்வமாகின்றது.

8

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு மதிப்பீட்டு அளவுகோலைப் பெறலாம். தலைமுறை நாவலுக்கு ஓர் இயல்பான ஆபத்து உண்டு. பாட்டிக்கு நேர்ந்தது தாய்க்கும், தாய்க்கு நேர்ந்தது மகளுக்கும் நேர்வதாகக் காட்டும்போது வரலாறு விதியாகத் தோன்றிவிடும். துன்பம் பரம்பரை நோய்போல் ஆகிவிடும். யா ஜாசியின் ‘ஹோம்கோயிங்’ (2016) கானாவின் கேப் கோஸ்ட் கோட்டையில், ஒருத்தி ஆங்கில ஆளுநனின் மனைவியாக மேல்மாடியிலும் மற்றவள் அடிமையாக நிலவறையிலும் இருந்த இரு சகோதரிகளிடமிருந்து ஏழு தலைமுறைகளைத் தொடர்கின்றது. ஆபிரிக்கரும் அடிமை வணிகத்திற் பங்காளிகளாயிருந்தமையை மறைக்காத அதன் நேர்மை பாராட்டுக்குரியது. ஆயின் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு புதிய தலைமுறைக்குத் தாவுவதால், மனிதர் தம் நிலைமைகளோடு போராடி மாறும் இயக்கம் சில இடங்களில் மெலிந்து, துயரங்களின் வரிசையே எஞ்சுகின்றது.

சிறந்த நாவல்கள் இவ்வாபத்தைத் தவிர்த்தது எவ்வாறு? தலைமுறையை இரத்தமாகவன்றி உறவாகக் கண்டதனாலேயே. வைரிக்குத் தாயானவர்களுட் பலர் அவளைப் பெறாதவர்கள். ஊர்சா பிள்ளை பெறாமலே சாட்சியாகின்றாள். டென்வரைக் காப்பாற்றுவது அயலாரின் உணவு. அடிமைச் சட்டம் தாய்வழியை உடைமையின் வழியாக வரையறுத்தது. இப்பெண்கள் அதனையே உழைப்பினதும் அறிவினதும் தோழமையினதும் வழியாக மாற்றினர். இம்மாற்றத்தைக் காட்டுமிடத்து இந்நாவல்கள் உயர்கின்றன. தாய்மையை இயற்கையெனவோ உடைமையை விடுதலையெனவோ கொள்ளுமிடத்து அவை தாழ்கின்றன.

வர்க்கத்தை முதன்மைப்படுத்தும் விமர்சனம் இந்நாவல்களிலிருந்து கற்கவேண்டியது இதுவே. உழைப்புச் சக்தி சந்தைக்கு வருமுன் அது யாரோ ஒருத்தியாற் பெறப்பட்டு, ஊட்டப்பட்டு, வளர்க்கப்படுகின்றது. அவ்வுழைப்புக்கு வரலாறு உண்டு. அதன்மீது நடந்த கொள்ளைக்கும் வரலாறு உண்டு. றிச்சட் றைற் செய்தியில்லையெனக் கண்ட இடத்தில் அவ்வரலாறு இருந்தது. அதனை எழுதியவர்கள் அப்பாட்டிமாரின் பேத்திகளே.